வயித்து வலின்னு சொன்ன பொய்

எனக்கு ஒரு விதைதான், விரை என்று சொல்வார்களே, அது. இதை எழுதிவிட்டு ரெண்டு நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அழித்துவிடலாமா என்று. சரி, இருக்கட்டும். 45 வயது ஆகிவிட்டது, ரெண்டு பிள்ளைகள், இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடை, இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது.

1993-ல் எனக்கு 14 வயது. தேயிலைத் தோட்டத்தில் கீழ்க்கணக்கு என்கிற பிரிவு, பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை, வரிசையாக இருக்கிற லயம், அதில் நாலாவது எங்களுடையது. ஒரே காம்பராவில் அம்மா, அப்பா, அப்பாயி, அக்கா, நான். விடிகாலை மூணு மணி இருக்கும், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவன் திடுக்கென்று முழித்துக்கொண்டேன். இடது பக்கம், கீழே, யாரோ கையில் பிடித்துத் துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு. முந்தின நாள் மாலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பந்து விளையாடியிருந்தோம், எங்கேயோ பட்டிருக்கும், விடிந்தால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சத்தம் போட முடியாது, அக்கா ஒரு முழத் தூரத்தில் படுத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் குமட்டல் வந்து, இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணை) ஓடி வாந்தி எடுத்தேன்.

அஞ்சு மணிக்கு ரொட்டி சுட எழுந்த அம்மா என்னாடா என்று கேட்டபோது நான் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு.

“வயித்து வலிம்மா.”

அம்மா அதை அப்பாயியிடம் சொன்னார். அப்பாயி, சூடு பிடித்துவிட்டது என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். எட்டு மணிக்கு மருந்து சாலையில் டாக்டர் ஐயாவிடமும் (தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதே வயித்து வலி, அவரும் வயிற்றுக்கு ஒரு வெள்ளை மருந்தைக் கலக்கிக் கொடுத்து அனுப்பினார். மத்தியானமும் வாந்தி நிற்கவில்லை என்றதும் துண்டு எழுதிக் கொடுத்தார், கொழுந்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் சிங்களவர். அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் இதுவும் இருந்தது: “பட ரிதெனவா.” வயிறு வலிக்கிறது. என் வெட்கம் அம்மாவின் வாயில் ஏறி, அப்பாவின் வாயில் மொழி மாறி, கடைசியில் டாக்டரின் கை என் வயிற்றின் வலது பக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது, குடல்வாலோ என்று. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, கேட்டதைத்தானே பார்ப்பார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல், வார்டுக்கு வந்த இன்னொரு டாக்டர் கால்சட்டையைக் கீழே இறக்கச் சொன்னார். நான் இறக்கவில்லை, அவரே இறக்கினார். ஒரு வினாடி பார்த்தார். அப்புறம் அந்த வார்டில் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் மேசையில் ஏற்றும்போது இரவு பத்து. 19 மணி நேரம். இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள், கறுத்துப் போயிருந்ததாம். வலது பக்கத்தை உள்ளே தையல் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வந்ததன் பெயர் விதை முறுக்கம். அது என்ன என்று எனக்குப் புரிய இன்னும் இருபது வருஷம் ஆனது, ஏனென்றால் அன்றைக்கு அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விதை ஒரு கொடியில் தொங்குகிறது, ரத்தம் போவதும் வருவதும் அந்தக் கொடி வழியாகத்தான். சாதாரணமாக விதை, பையின் பின்பக்கச் சுவரோடு ஒட்டியிருக்கும், அதனால் சுழலாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இருக்காது, கோயில் மணியின் நாக்குபோலச் சும்மா தொங்கும், அது ஒருநாள் தானாகவே சுழன்று கொடியை முறுக்கிக்கொள்ளும், தூக்கத்தில்கூட. முதலில் ரத்தம் திரும்பி வருகிற நாளம் நசுங்கும், வீங்கும், அப்புறம் உள்ளே போகிற ரத்தமும் நின்றுவிடும். பந்தும் காரணம் இல்லை, சூடும் காரணம் இல்லை. அடிபட்டதற்குப் பிறகு வருவதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமல்தான் வருகிறது. 12-லிருந்து 18 வயதுக்குள் கூடுதல், பிறந்த குழந்தைக்கும் வரும், முப்பது வயதுக்காரனுக்கும் வரும். இந்தப் பிறவிக் குறை பெரும்பாலும் ரெண்டு பக்கமும் இருக்கும் என்பதால்தான் நல்லா இருக்கிற பக்கத்தையும் சேர்த்துத் தைக்கிறார்கள்.

கணக்கு இதுதான். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்துவிட்டால் பத்தில் ஒன்பது விதை தப்பிவிடும். 12 மணி நேரம் ஆகும்போது பாதிக்குப் பாதி. ஒருநாள் முழுக்கத் தாண்டினால் பத்தில் ஒன்று தேறுவதே பெரிசு. நான் 19-ல் போய் நின்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும், நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. விதைகள் கருவில் உருவாவது கீழே அல்ல, வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். ஏழாவது மாசத்தை ஒட்டித்தான் கவட்டி வழியாக இறங்கிப் பைக்குள் வருகின்றன. வரும்போது நரம்பையும் ரத்தக் குழாயையும் மேலேயிருந்தே இழுத்துக்கொண்டு வருகின்றன, அதனால்தான் கீழே அடி விழுந்தால் அடிவயிறு சுருண்டு குமட்டுகிறது. முறுக்கம் வந்த சில பையன்களுக்கு உண்மையிலேயே வயிறுதான் முதலில் வலிக்கும். ஆக, வாந்தியோடு வயிற்று வலி என்று ஒரு பையன் வந்தால் கீழேயும் பார்க்க வேண்டும்.

இதே வழி மறுபக்கமாகவும் வேலை செய்யும். எங்கள் கடைக்கு எதிரே ஓட்டோ நிறுத்துகிற ஒருவர், விதை வலி தாங்க முடியவில்லை என்று துடித்துக்கொண்டு போனார், முதுகின் பக்கவாட்டில் கிளம்பி அலையலையாக இறங்கி அங்கே வந்து முடிகிற வலி. விதையில் ஒன்றுமே இல்லை. சிறுநீரகத்தில் கல், அது குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. விதை வெறும் மணியடித்தது, நெருப்பு வேறு இடத்தில்.

எனக்கே ரெண்டாவது தடவை வந்தது 36 வயதில். ஒரே ஒரு விதை இருக்கிறவனுக்கு அதில் வலி வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, இந்தத் தடவை நேரே ஓடினேன், வாசலிலேயே சத்தமாகச் சொன்னேன், மருந்து வாங்க நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் இது வேறு மாதிரி வலி. ரெண்டு நாளாக மெல்ல மெல்ல ஏறியது, லேசான காய்ச்சல், மூத்திரம் போகும்போது எரிச்சல், விதைக்குப் பின்னால் கயிறுபோல ஒன்று தடித்துத் தொட்டாலே உயிர்போகிறது. அது விந்துக் குழாய்ச் சுருளில் கிருமி, மூத்திரப் பாதையிலிருந்து ஏறியிருக்கிறது என்றார்கள். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் உடலுறவு வழியாகத் தொற்றுகிற கிருமியால் வருமாம், அப்படியானால் மனைவிக்கும் மருந்து கொடுக்க வேண்டும், ஒருத்தர் மட்டும் மாத்திரை விழுங்கினால் திரும்பவும் வரும். வயது ஏறினால் மூத்திரக் கிருமியும் புராஸ்டேட் வீக்கமும் முன்னுக்கு வரும். எனக்குப் பத்து நாள் மாத்திரை. மூணாவது நாளே வலி குறைந்துவிட்டது, மிச்சத்தை நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன், மனைவி விடவில்லை. வீக்கம் வற்ற ஒரு மாசத்துக்கு மேல் ஆனது, அது வழக்கம்தானாம்.

அந்தப் பத்து நாளில் வலியைக் குறைக்க என்ன செய்தேன் என்று கேட்டால், மருந்தைவிடத் துவாய்தான். மல்லாந்து படுத்து, ஒரு துவாயைச் சுருட்டி விதைப்பைக்குக் கீழே அணைப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பை மேலே உயர்ந்ததும் இழுவை குறைந்து அப்பாடா என்று இருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம், தோலில் நேரே வைக்கவும் கூடாது (நுவரெலியாக் குளிரில் ஐஸா என்று சிரிக்காதீர்கள், வேலை செய்தது). 500 மில்லிகிராம் பனடோல் (பாரசிட்டமோல்) ரெண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம், ஒருநாளைக்கு எட்டைத் தாண்டாமல். எழுந்து நடக்கும்போது இறுக்கமான ஜங்கி. டாக்டர் தாங்கு பட்டி என்று ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் தாத்தாவின் கோவணம்தான் ஞாபகம் வந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து மலையில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர்கள் அந்த ஒரு முழத் துணியை இறுக்கிக் கட்டியது மானத்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

செய்யக்கூடாததும் ஒன்று, கண்ணால் பார்த்தது. என் சித்தப்பா ஒருவர் அந்த இடத்தில் தலைவலித் தைலத்தைத் தேய்த்துவிட்டார். நல்ல மார்கழிக் குளிர், ராத்திரி எட்டு மணி, குளிக்கிற பீலித் தண்ணியில் போய் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. லயமே கூடி நின்று என்ன என்ன என்று கேட்டது, அவர் சொன்ன பதில்: “வயித்து வலி.”

அந்தச் சித்தப்பாவுக்கு இருந்தது குடலிறக்கம். 50 கிலோ உர மூட்டையைத் தோளில் வைத்து மலை ஏறியவர், கவட்டியில் ஒரு புடைப்பு, நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும், சில நாள் பைக்குள்ளேயே இறங்கி இழுக்கும். மலையில் வேலை செய்த ஆம்பளைகளில் எத்தனை பேர் இதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு அலைந்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், எங்கள் லயத்திலேயே மூணு பேர் ஞாபகம் வருகிறது. புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அதுவும் அன்றைக்கே வெட்ட வேண்டிய சங்கதி, குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம்.

வலியில்லாமல் பெரிதாக வீங்கினால் பழைய ஆட்கள் எல்லாவற்றையும் ஓதம் என்றுதான் சொல்வார்கள். கரையோரப் பகுதிகளில் அந்தப் பேச்சுக்குப் பின்னால் யானைக்கால் நோய் இருந்தது, கொசு பரப்புகிற அந்தப் புழு விதைப்பையிலும் நீரைச் சேர்க்கும். மேல், தென், வடமேல் மாகாணங்களின் பிரச்சினை அது, எங்கள் குளிருக்கு வரவில்லை, 2016-ல் இலங்கையில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. இங்கே நீர் கோத்தால் பெரும்பாலும் காரணம் வேறு, ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி) இன்னொன்று. கன்னம் வீங்கி நாலைந்து நாள் கழித்து சிலருக்கு விதை வீங்கும், வயசுக்கு வந்த பையன்களுக்குத்தான். அதைத் தடுக்கிற எம்எம்ஆர் ஊசி இங்கே பிள்ளைகளுக்கு வழக்கமாகப் போட ஆரம்பித்தது 2011-ல், அதனால் என் வயதுக்காரர்கள் பலபேர் அந்த ஊசி இல்லாமல் வளர்ந்தவர்கள்தான்.

மந்தமான வலி, நாள் முழுக்க நின்றால் கூடும், படுத்தால் குறையும், இடது பக்கம் தொட்டால் புழுப் பைபோல நெளியும், அது நாளப் புடைப்பு. இடது பக்கத்து நாளம் நேரே போகாமல் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது, ரத்தம் தேங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அவசரம் இல்லை, ஆனால் பிள்ளை தங்கவில்லை என்று பொண்டாட்டியை மட்டும் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையும் ஒருதரம் காட்டலாம். அப்புறம் புற்றுநோய், அதற்குப் பெரும்பாலும் வலியே இருக்காது என்பதுதான் அதன் சூது. வெந்நீரில் குளித்து முடித்ததும் தோல் தளர்ந்திருக்கும், அப்போது மாசம் ஒருதரம் விரலால் உருட்டிப் பார்த்தால் போதும், கல்லுபோல ஒரு கட்டி இருந்தால் வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. நேரத்தோடு பிடித்தால் நன்றாகவே குணமாகிற புற்றுநோய் அது.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். “அத அந்தப் புள்ளகிட்ட சொல்லாத.” எது என்று அவரும் சொல்லவில்லை. நான் ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வலிக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். விளக்கை அணைத்துவிட்டார். மற்றது வேலை செய்கிறதா என்று பயந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான். ஒன்று போதும், ஹோர்மோனுக்கும் போதும், பிள்ளைக்கும் போதும்.

போன வருஷம் ஐப்பசி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், விடிகாலை மூணு இருபதுக்கு அக்கா போன். பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறாள், அடைமழை, தகரத்தில் விழுகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

“தம்பி, சின்னவனுக்கு வயித்து வலிடா. ரெண்டு தரம் வாந்தி. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன், அதையும் எடுத்துட்டான்.”

சின்னவனுக்கு 13 வயது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

“போன அவன்கிட்ட குடு. நீ வெளிய போ.”

“என்னாடா?”

“வெளிய போக்கா.”

கதவுச் சத்தம் கேட்டது. அவன் மூச்சு மட்டும் வந்தது.

“எங்கடா வலிக்குது?”

“வயிறு மாமா.”

“வயிறா, கீழயா?”

மழைச் சத்தம். எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு 30 வருஷம் மாதிரி இருந்தது.

“கொட்டையா?”

“ம்.”

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“அது மேல ஏறுன மாதிரி இருக்கா?”

“ஆமா மாமா.” சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

அக்காவிடம் ரெண்டே விஷயம் சொன்னேன். இனித் தண்ணிகூடக் குடுக்காதே, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரும். மருந்து சாலைக்கோ பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கோ போய் நேரத்தை விடாதே, ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற இடத்துக்கு நேரே போ. 1990 என்கிற நம்பருக்கு நானே போன் அடித்தேன், அது காசில்லாத ஆம்புலன்ஸ். லயம் வரைக்கும் ஆம்புலன்ஸ் வருகிற மாதிரி ரோடு இல்லை, மச்சான் பையனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஓட்டோவில் மெயின் ரோட்டுக்கு இறங்கினார். நான் ஹட்டனிலிருந்து கிளம்பி அவர்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன், வாய்க்குள் ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் ஒப்பித்துக்கொண்டே. சொல்லத் தேவைப்படவில்லை, பணியில் இருந்த டாக்டர் பெண் நன்றாகத் தமிழ் பேசினார். அவர் திரையை இழுத்துவிட்டு, பையனின் உள்தொடையை விரலால் லேசாகக் கோடு கிழிப்பதுபோல வருடினார். நல்ல விதை என்றால் அந்தக் கூச்சத்துக்கு மேலே துள்ளும். வலது பக்கம் துள்ளியது. இடது பக்கம் அசையவில்லை.

ஆறரைக்கு முன்னால் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வலி தொடங்கியது ரெண்டரைக்கு, நாலு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ஜன் வெளியே வந்து சொன்னார், முழுசாக ஒரு சுற்றுக்கு மேல் முறுக்கியிருந்தது, நீலமாக இருந்தது, அவிழ்த்துவிட்டு வெதுவெதுப்பான உப்புத் தண்ணித் துணியில் சுற்றி வைத்துக் காத்திருந்தோம், நிறம் திரும்பியது, ரெண்டையும் தைத்துவிட்டோம். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் தீபாவளி, பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். அக்கா லயம் முழுக்க அப்பண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள், நான் ஒன்றும் பேசவில்லை, அவள் வீடு. பலகாரத்தோடு ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். பக்கத்துக் காம்பராப் பாட்டி, எண்பது வயதிருக்கும், தோடம்பழம் நாலு கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றை உரிக்க ஆரம்பித்தார்.

“வயித்துல எந்த எடத்துலய்யா வெட்டுனாங்க?”

பையன் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை.

“வயிறு இல்ல பாட்டி. கொட்ட.”

குசினியில் அக்கா கையிலிருந்த தட்டு விழுந்தது. மச்சான் வெளியே எழுந்து போய்விட்டார். பாட்டி உரித்த சுளையில் இருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, அதை அவன் வாயில் வைத்தார்.

“எந்தப் பக்கம்?”